சாரின் ராசி ஃபைல்

கறுப்புத் திரை. அதன் அடியில் மூன்றே மூன்று வரிகள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எங்களோடு பேசியதெல்லாம் அந்த மூன்று வரிகளில்தான். வரைபடத்தில் வேண்டாமல் கிடக்கும் உருப்படிகளை நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தால், ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, 'இதை நீக்கிவிடவா?' என்று கேட்கும். ஒன்றுக்குப் பதில் சொன்னால்தான் அடுத்ததற்குப் போகும். கேள்வியின் வாலில் ஆங்கில 'என்' எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். எதுவும் சொல்லாமல் எண்டரைத் தட்டினால், 'வேண்டாம், இருக்கட்டும்' என்று அதுவே எடுத்துக்கொள்ளும். நீக்கியே தீர வேண்டும் என்பவர்கள்தான் 'ஒய்' எழுத்தைத் தேடி அழுத்த வேண்டும். அந்த வேலையில் கற்றது பலவும் மறந்துவிட்டது, இந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை. இதைக் கேட்கவே விடாமல் வருடக்கணக்கில் தடுத்து வைத்திருந்த ஒருவரிடம்தான் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன்.

அவரைச் சார் என்றுதான் நான் கூப்பிட்டேன், இன்றைக்கும் வேறு பெயர் வாயில் வராது. திருவண்ணாமலையில் பேகோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய பிளான் போடும் ஆபீஸ். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் மற்ற எஞ்சினியர்கள் டிரேசிங் தாளில் மையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது இவர் துணிந்து கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். வேங்கிக்காலிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் நானும், சாரும், அந்தக் கம்ப்யூட்டரும்தான் ஆபீஸ். வேலூரில் ஆறு மாதம் தங்கிக் கம்ப்யூட்டரில் வரையப் படித்துவிட்டு வந்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சாருக்கு அது தெரியும். என்னைக் கேலி செய்ய வேண்டுமென்றால், "வேலூர் யுனிவர்சிட்டி இன்னா சொல்லுது?" என்பார்.

துணிச்சலாகக் கம்ப்யூட்டர் வாங்கிய அதே மனிதர் மவுஸைத் தொடுவதற்கு நல்ல நேரம் பார்ப்பவர். மானிட்டரின் நெற்றியில் எப்போதும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது சிபியூவின் காற்றோட்டத் துளைக்கு நேராகவே தட்டைக் காட்டுவார். உள்ளே தூசு போகும் என்று நான் சொன்னால், "புண்ணியமும் போவும்மா" என்பார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ராசி ஃபைல் என்று ஒன்று வைத்திருந்தார். என் பொறுமையைச் சோதித்தது அதுதான்.

கம்ப்யூட்டர் வந்ததும் அவர் முதன்முதலாகப் போட்டது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வீட்டுப் பிளான். அந்த வீடு ஒரு தடங்கலும் இல்லாமல் எழும்பியது. வாத்தியாருக்கு அதே வருடம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த மகள் கல்யாணமும் முடிந்தது. வாத்தியார் தெருவெல்லாம் சொல்லிவைக்க, சாருக்கு வேலை மேல் வேலை வந்தது. அன்றிலிருந்து எந்தப் பிளானையும் அவர் வெறும் பக்கத்தில் தொடங்கியதில்லை. வாத்தியார் வீட்டு ஃபைலைத் திறப்பார், மூலையில் வரைந்து வைத்திருக்கும் பிள்ளையார் சுழியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், புதிதாக வீடு கட்டுகிறவரின் பெயரில் அதைச் சேமிப்பார், பிறகு வாத்தியாரின் வீட்டைத் திரையிலிருந்து அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிய வீட்டைத் தொடங்குவார். வெளியிலிருந்து வரும் வரைபடம் எதையாவது உள்ளே சேர்க்க வேண்டுமென்றாலும் அவர் கையால்தான் சேர்க்க வேண்டும். அதன் பிறகே நாற்காலி எனக்கு. எங்கள் ஊரில் ராசியான கை என்று சொல்லி ஒரே ஆளைக் கூப்பிட்டு எல்லா வீட்டுக்கும் முதல் செங்கல் எடுத்து வைக்கச் சொல்வார்கள் இல்லையா, அதைச் சார் கம்ப்யூட்டருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

இதில் என்ன கஷ்டம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கதவை ஒருமுறை வரைந்து அதற்கொரு பெயர் சூட்டிவிட்டால், பிறகு வேண்டிய இடத்திலெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி வைத்துக்கொண்டே போகலாம். அதைப் பிளாக் என்போம். கட்டில், துளசி மாடம், தென்னை மரம், சி ஒன்று, சி இரண்டு என்று பெயரிட்ட தூண்களின் வெட்டுத் தோற்றம் எல்லாமே பிளாக்குகள்தான். திரையில் தெரியும் தென்னை மரத்தை அழித்துவிட்டாலும் தென்னை மரம் என்ற பெயரும் அதன் உருவமும் ஃபைலுக்குள்ளேயே தங்கிவிடும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் பரணில் விட்டுப்போன சாமான் மாதிரிதான். சாரின் ஃபைலில் வாத்தியார் வீட்டுச் சாமான் மொத்தமும் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பிடித்துப்போன கதவு, ஜன்னல் எதையும் ராசி ஃபைலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவைப்பார். அது வருடா வருடம் ஊதிக்கொண்டே போனது. திறக்கவே ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். பர்ஜ் என்றொரு கட்டளை இருக்கிறது, கொடுத்தால் வேண்டாததெல்லாம் போய்விடும் என்று நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொன்னேன். சாரின் முகம் மாறிவிட்டது.

"அதுல மட்டும் கை வெக்காதம்மா. நமக்குச் சோறு போடற ஃபைலு" என்றார்.

சாருக்கு ஒரே ஒரு அக்கா. கணவரை இழந்தவர், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை வைத்திருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் பெருகிவந்த வருடங்கள் அவை. நடந்து களைத்தவர்கள் அவர் கொல்லை வரப்பில் படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, இங்கே ரூம் கட்டிவிட்டால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. கொல்லையில் பாதியை விற்றார். மீதியில் மூன்று அடுக்கு லாட்ஜ். பொம்பளை தனியாக மூன்று மாடி ஏற்றப் போகிறாளாம் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "என் தம்பி இருக்கறான்" என்பதோடு சரி.

ஆபீசுக்கு வரும்போதெல்லாம் தூக்குச் சட்டியில் ஏதாவது கொண்டுவருவார். திரையில் தன் லாட்ஜைக் காட்டச் சொல்லி, எந்த ரூம் ஜன்னலிலிருந்து மலை தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கார்த்திகை தீபத்துக்கு ரூம்கள் தயாராகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. வருடா வருடம் வரும் ஒரு ஆந்திரா பக்தர் கூட்டத்துக்கு இந்த முறை என் இடத்தில்தான் நீங்கள் தங்க வேண்டும் என்று வாக்கும் கொடுத்துவிட்டிருந்தார்.

சொந்த அக்காவின் கட்டடம் என்பதால் சார் தூண் கணக்கைத் தானே போடாமல் வேலூரில் இருந்த பெரிய எஞ்சினியர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் கணக்குப் போட்டு, தூண்களின் வரைபடத்தை ஃப்ளாப்பியில் ஏற்றிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். நான் ஒரு கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்த நாள் அது. சார் நல்ல நேரம் பார்த்து, வழக்கம்போல ராசி ஃபைலிலிருந்து அக்காவின் பிளானைத் தொடங்கி, அதற்குள் வேலூர் வரைபடத்தைத் தன் கையால் சேர்த்தார். பிரிண்ட் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார். அந்தப் பிரிண்டில் உள்ளபடியே, ஒரு கம்பி பிசகாமல், கட்டடம் ஏறியது. சார் வாரத்துக்கு மூன்று முறை போய்ப் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிகளைச் சரிபார்த்தார். கீழ்த்தளம் முடிந்தது. முதல் மாடித் தூண்கள் ஏறின. அதன் மேல் தளம் போட, பலகையும் முட்டும் கொடுத்துச் சென்ட்ரிங் அடித்து, வெள்ளிக்கிழமை கான்கிரீட் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம். இரண்டாம் மாடியில் ஒரு சின்ன மாற்றம், அதை வேலூருக்கு அனுப்ப வேண்டும். ஃபைலை ஃப்ளாப்பியில் ஏற்றினால் இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. வேறு ஃப்ளாப்பி போட்டாலும் அதே கதைதான். கடைசி பஸ்ஸுக்குள் அனுப்பியாக வேண்டும். பர்ஜ் செய்தால்தான் ஃபைல் இளைக்கும் என்றேன். சார் விட்டத்தைப் பார்த்தார்.

"சரி, பண்ணு. மூல ஃபைல்ல கை வெக்காத. இதுல மட்டும் பண்ணு. ஆனா மொத்தமா அள்ளிக் கொட்டாத. ஒண்ணொண்ணா பேரச் சொல்லு, நான் சொன்னப்புறம் எடு."

வேண்டாத சாமானை அப்படி வழியனுப்பிய மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் கேட்கும் பெயரை நான் படிப்பேன். "தென்னை மரம், சார்." "வாத்தியார் வீட்டுப் பின்பக்கம் வெச்சது. மூணு வெக்கச் சொன்னாரு, ரெண்டுதான் கொள்ளும்னேன். எடுத்துடு." "கட்டில்." "அது டபுள் கட்டிலா, சிங்கிளா? எதுவா இருந்தா இன்னா, எடு." துளசி மாடத்துக்குக் கொஞ்சம் தயங்கினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே சந்தோஷமான மத்தியானம் அது. எனக்குத் தெரிந்து அவருடைய கடைசிச் சந்தோஷமான மத்தியானமும் அதுதான்.

"சி நாலு, சார்."

"வாத்தியார் வீட்டுப் பில்லர். எடுத்துடு."

ஒய்யை அழுத்தினேன். அடுத்து ஒரு கதவின் பெயர் வந்தது. சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, சி ஒண்ணு, ரெண்டு, மூணு? அதயெல்லாம் அது கேக்கலயே."

"யூஸ்ல இருக்கறத அது கேக்காது சார். உங்க அக்கா லாட்ஜ்ல சி ஒண்ணு, ரெண்டு, மூணு இருக்குது இல்ல?"

"அது வேலூர்காரரு குடுத்த சி ஒண்ணு. நான் கேக்கறது வாத்தியார் வீட்டு சி ஒண்ணு. அது எங்க போச்சு?"

"ஒரே பேர்ல ரெண்டு இருக்காது சார். ஒண்ணுதான் இருக்கும்."

"எது?"

பதில் எனக்குத் தெரியும். படித்த இடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெயரில் ஏற்கெனவே ஒரு பிளாக் உள்ளே இருந்தால், அதே பெயரோடு பின்னால் வருவதைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. பழையதையே புதியதின் இடத்தில் வைத்துவிடும். அப்படிச் செய்கிறேன் என்று அந்த மூன்று வரிகளில் ஒரு வரி எழுதவும் செய்யும். அந்த வரி கண் இமைப்பதற்குள் மேலே ஓடி மறைந்துவிடும்.

"மொதல்ல இருந்ததுதான் சார்" என்றேன்.

சார் எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து வேலூர் ஃப்ளாப்பியை எடுத்துவந்தார். அதை மட்டும் தனியாகத் திறந்தேன். திரையில் தூண் வந்து நின்றது. ஒன்பது அங்குலத்துக்குப் பதினைந்து, எட்டுக் கம்பி, தடித்த கம்பி. சுவரில் மாட்டியிருந்த எங்கள் பிரிண்டில் ஒன்பதுக்குப் பன்னிரண்டு, ஆறு கம்பி, அதுவும் மெல்லியது. ஒரே ஒரு மாடி ஏற்றும் யோசனையில் வாத்தியார் வீட்டுக்குப் போட்ட தூண். அதன் மேல்தான் அக்காவின் மூன்று அடுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சார் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். பிறகு காகிதம் கேட்டார். எடை எவ்வளவு வரும், தூண் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். முடித்ததும் கசக்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டார். மூன்றாவது தாளை நீட்டி, "நீ ஒரு வாட்டி கூட்டிப் பாரும்மா. எனக்குக் கணக்கு தப்பா வருதோ என்னவோ" என்றார். தப்பாக வர வேண்டும் என்று நானும் சாமியை வேண்டிக்கொண்டுதான் கூட்டினேன். அதே விடைதான் வந்தது.

கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வேலூர் எஞ்சினியரைக் கூப்பிட்டோம். "அதோட நிறுத்துங்க. மேல ஏத்தாதீங்க. பில்லரையெல்லாம் சுத்திக் கம்பி கட்டிப் பெருக்கிட்டு அப்புறம் பாக்கலாம். இப்படியே போட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மேஸ்திரியோ வேறு மாதிரி. "நிக்கும் சார். இதவிடக் கம்மியா கம்பி போட்டு நாலு மாடி ஏத்தி இருக்காங்க, அதெல்லாம் விழுந்தா போச்சு?" என்றார். சார் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நிக்குமா? நெசமா நிக்குமா?" என்று கேட்டதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மறுநாள் காலை மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். கம்ப்யூட்டர் விஷயத்தைத் தன்னால் விளக்க முடியாது என்று என்னிடம் சொன்னார். தனியாகப் போகப் பயம் என்பதுதான் உண்மை. அக்கா கட்டடத்தின் முன்னால் நின்று ஆள் விட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மாத்திப் போட்டது கம்ப்யூட்டரா, நீயா?"

"நான்தாங்க்கா."

"நிக்குமா, நிக்காதா? அத்த மட்டும் சொல்லு."

"சாதாரணமா நிக்கலாம். ஆனா தீபத்தன்னிக்கு யோசிச்சுப் பாருக்கா. மூணு மாடி ஜனமும் ஒண்ணா மொட்ட மாடில ஏறி நின்னு மலையப் பாக்கும். அன்னிக்கு எனக்கு பயமா இருக்குது."

அக்கா மலையைப் பார்த்தார். பிறகு சென்ட்ரிங்கைப் பார்த்தார். சவுக்கு முட்டுகள் வரிசையாக நின்றன, மேலே கம்பி கட்டி முடித்திருந்தது, எல்லாமே தயார்.

"நிறுத்திடலாங்க்கா. பில்லரப் பெருக்கிட்டுப் போட்டுக்கலாம்."

"தீபத்துக்குள்ள ஆவுமா?"

"ஆவாது. தாண்டிடும்."

"அப்ப வேணாம்."

"இன்னொரு வருசந்தானேக்கா. நாளைக்குப் போட வேணாம், சரியா?"

"போடணும்."

"இந்த ஒரு பேச்சு மட்டும் கேளுக்கா. நிறுத்திடலாமா?"

"வேணாம் தம்பி. பொம்பள எடுத்த காரியம் பாதில நின்னுச்சுன்னு ஊரு சிரிக்கும். நீயே அதுக்கு வழி பண்ணாத. போ."

அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. அதனாலேயே சார் வண்டியை எடுத்தார். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் புளியமரத்தடியில் நின்று அழுதார். ஐம்பதை நெருங்கிய ஒருவர் சாலையில் நின்று வாய்விட்டு அழுதால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. வண்டிச் சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் ஆபீசுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மனசு கேட்காமல் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் சும்மாடு கட்டி வரிசையில் நின்றார்கள், ஆனால் சட்டி எதுவும் மேலே ஏறவில்லை. எல்லாரும் முதல் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் அந்தச் சவுக்கு முட்டுகளுக்கு நடுவே, சென்ட்ரிங் பலகைக்கு அடியில், வெள்ளைச் சட்டையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போடறதா இருந்தா என் தலைமேலயே போடுங்க. நான் எழுந்து வர மாட்டேன்" என்றார். கத்தவில்லை. மெஷின் சத்தத்தில் மேஸ்திரிதான் அதை எல்லாருக்கும் திருப்பிச் சொன்னார்.

அக்கா படியேறிப் போனார். முட்டுகளுக்கு இடையில் குனிந்து நின்றார். "எழுந்துரு. மானத்த வாங்காத" என்றார். சார் அசையவில்லை. "நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?" என்றார். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை அடியில் வைத்துக்கொண்டு தளம் போட எந்த மேஸ்திரி சம்மதிப்பார்? வெயில் ஏற ஏற, மெஷினிலிருந்து கொட்டியிருந்த கலவை இறுகத் தொடங்கியது. யாரோ மெஷினை நிறுத்தினார்கள். சித்தாள்கள் சும்மாட்டை அவிழ்த்து உதறிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். மத்தியானத்துக்குள் அந்தக் கலவை முழுவதும் பாதை ஓரத்தில் ஒரு பாறை மாதிரி கெட்டியாகிவிட்டது.

அக்கா அதற்குப் பிறகு தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விஷயம் பரவிவிட்டதால் வேறு எந்த எஞ்சினியரும் அந்தக் கட்டடத்தைத் தொட வரவில்லை. சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள். முதல் மாடித் தூண்கள் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு வானம் பார்த்து நின்றன. தீபத்துக்கு ஆந்திராக் கூட்டம் வேறு இடத்தில் தங்கியது. அக்கா கீழ்த்தளத்தில் ஒரு டீக்கடை போட்டார். நடந்து வருகிறவர்கள் அந்தக் கான்கிரீட் பாறைமேல் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டு டீ குடித்தார்கள். அது எப்படி அங்கே வந்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

சொந்த அக்காவின் கட்டடத்தையே கெடுத்தவர் என்ற பேச்சு சாரின் ஆபீஸ் படியை ஆட்கள் ஏறாமல் செய்துவிட்டது. அவர் அதற்காக வருந்திய மாதிரி தெரியவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றுவார். அக்கா கடை வந்ததும் அந்தப் பாறைமேல் போய் உட்காருவார். ஒருமுறை நானும் கூட இருந்தேன். அக்கா மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே டீயைக் கொடுத்தார், மற்றவர்களிடம் வாங்குவது போலவே காசையும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. சார் டீயை வைத்துக்கொண்டு கட்டடத்தின் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆறிப்போன பிறகுதான் குடித்தார். "திட்டினாகூட பரவால்லம்மா" என்றார் என்னிடம். எனக்கு அக்காமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டடம் அவர் தலையில் விழாமல் காப்பாற்றியதற்கா இந்தத் தண்டனை என்று போய்க் கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்கவில்லை, ஏனென்றால் விழுந்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சாராலும் முடியாது. விழாத கட்டடத்தை வைத்துக்கொண்டு யாரிடம் நியாயம் பேசுவது? சாரைத் தின்றதும் அதுதான். நின்றிருக்குமோ, நின்றிருக்குமோ என்று தானே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆபீசை மூடிவிட்டு ஓசூரில் மகனோடு போய் இருந்தார். கம்ப்யூட்டரையும் ஃப்ளாப்பிகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ராசி ஃபைலை அவர் அழிக்கவில்லை, என்னையும் அழிக்கச் சொல்லவில்லை. சில வருடங்களில் அங்கேயே தவறிப்போனார். தகவல் வந்த அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் ஒரு கடை பாக்கியில்லாமல் திறந்திருந்தது. அக்கா கடை மட்டும் பூட்டியிருந்தது.

இப்போது வேங்கிக்காலில் எனக்கென்று ஒரு சின்ன ஆபீஸ் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டரில் வேண்டாததை எல்லாம் நீக்க ஒரே ஒரு சொடுக்குப் போதும். பெயரும் சொல்லாது, கேள்வியும் கேட்காது. போன மாதம் அக்கா வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, கையில் அதே தூக்குச் சட்டி. உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அவன் சொன்ன மாதிரியே கீழ பில்லரப் பெருக்கிட்டு மேல கட்டணும் கண்ணு. பிளான் நீ போட்டுக் குடு."

சரி என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அவன் மொதல்ல ஒரு ஃபைலத் தொறப்பானே, பிள்ளையார் சுழி போட்டது. அதுலயே போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஃபைலால்தான் எல்லாம் வந்தது என்று சொன்னேன். தெரியும் என்றார். இருந்தாலும் அதில்தான் வேண்டும் என்றார். பழைய ஃபைல்களை எல்லாம் நான் ஒவ்வொரு கம்ப்யூட்டராக மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்தேன். திறந்தேன். வாத்தியார் வீடு வந்தது. மூலையில் பிள்ளையார் சுழி. அதை அக்காவின் பெயரில் சேமித்து, வீட்டை அழித்தேன். உள்ளே கிடக்கும் சாமானை எல்லாம் முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு சொடுக்கை விட்டுவிட்டு, பழைய முறையிலேயே கட்டளையை எழுத்தில் கொடுத்தேன். திரையின் அடியில் ஒற்றை வரியாக ஒவ்வொரு பெயராகக் கேட்டது. சாருக்குப் படித்த மாதிரியே அக்காவுக்கும் படித்தேன். தென்னை மரம். கட்டில். துளசி மாடம். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார், நான் நீக்கினேன்.

"சி ஒண்ணு" என்றேன்.

"இதுவா?"

"இதாங்கம்மா."

அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து அந்த வரியைப் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது.

"இன்னா கேக்குது?"

"எடுத்துடலாமான்னு கேக்குதும்மா. ஒண்ணும் சொல்லலனா வேணாம்னு எடுத்துக்கும்."

"நிறுத்திடலாமான்னு அவன் மூணு வாட்டி கேட்டான்" என்றார். பிறகு, "எந்த எழுத்து?" என்றார்.

காட்டினேன். டீ ஆற்றி ஆற்றிக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல். அழுத்தினார். எண்டரை நான் தட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டு அதையும் அவரே தட்டினார். அந்த வரி மேலே ஏறியது. அடுத்து சி இரண்டு வந்து, அதே கேள்வியோடு காத்திருந்தது. அக்காவின் விரல் திரும்பவும் அந்த எழுத்துக்கே போனது.